சுத்த சைவ வாத்துகள்

வாத்துக்குத் தயிர்சாதம் பிசைந்து வைக்கும் வீட்டைச் சங்கமித்ரா தன் முப்பத்தெட்டு வயதில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். பார்த்ததும் குமட்டியது. சாதத்தைப் பார்த்து இல்லை. அதைப் பிசைந்து வைத்த கோமளம் அம்மாளின் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து.

வைட்ஃபீல்டில் கேட்டும் காவலும் உள்ள ஒரு குடியிருப்பில், வரிசை வீடுகளில் கடைசி வீடு அது. பின்னால் ஒரு கார் நிறுத்தும் அளவுக்குத் தோட்டம். வீட்டுக்காரர் ஆராவமுதன், ஐடி கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு, சோபாவில் சாய்ந்தபடி ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் மனைவிதான் கோமளம். சங்கமித்ரா நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து காலையில் இங்கே வேலை செய்வாள். மதியம் இரண்டு தெரு தள்ளி மௌரீன் அம்மா வீடு. சங்கமித்ரா என்ற பேர் கோமளத்துக்கு வாயில் நுழையவில்லையாம். ஸ்லோகமெல்லாம் நுழையும் வாய்தான். அதனால் இந்த வீட்டில் அவள் சங்கரி.

வாத்து வந்ததே நத்தையால். மழை பிடித்ததும் தோட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நத்தைகள் ஊர்ந்தன. செம்பருத்தியை மொட்டையாக்கின, சுவரில் பளபளவென்று கோடு இழுத்தன. உப்புப் போட்டால் பாவம், மருந்து வைத்தால் பாவம் என்றாள் கோமளம். ஆகவே சங்கமித்ரா தினமும் காலையில் அவற்றைக் கையால் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டாள். வாளி நுரைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். ஜன்னல் சாத்தியிருந்தால் அந்தப் பாவம் வேலைக்காரியோடு போய்விடும் போலிருக்கிறது.

அப்புறம் ஆராவமுதன் ஏதோ வீடியோவில் வாத்து நத்தை தின்பதைப் பார்த்தார். மறுவாரமே ஹொசகோட்டைப் பக்கத்து வாத்துப் பண்ணையிலிருந்து மூன்று குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. மூன்று வாரக் குஞ்சுகள், மஞ்சள் ரோமம் இன்னும் முழுசாக உதிரவில்லை. சங்கமித்ரா கல்யாணத்துக்கு முன்னால் அதே போன்ற ஒரு பண்ணையில் நான்கு வருஷம் கொட்டகை கழுவியவள். வாத்துக்கு என்ன வேண்டும், எது ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதைக் கேட்கத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை.

கூண்டு கட்ட ஆராவமுதன் ஆட்களைக் கூப்பிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“சார், இந்த வலை கோழிக்குப் போடறது. ஓட்டை பெருசு,” என்றாள் சங்கமித்ரா. “பெருச்சாளி மூஞ்சிய வுட்டு குஞ்சு கால இழுத்துடும். சின்னக் கட்டம் போட்ட கம்பி வலை வோணும். அதையும் மண்ணுக்குள்ள ஒரு அடி எறக்கணும், இல்லாங்காட்டி தோண்டிக்கினு உள்ள வந்துடும்.”

“சங்கரி, நான் பதினாலு வீடியோ பாத்திருக்கேன்.”

“கீழ இந்தப் பிளாஸ்டிக் புல்லு பேடா சார், வோணாம். வாத்து தின்னறதவுட தண்ணி வுடறதுதான் ஜாஸ்தி. அல்லாம் அடியில தேங்கி கலீஜாயிடும். மண்ணும் மணலும் போட்டா இழுத்துக்கும்.”

“மண்ணா? சேறாயிடும். பாக்க நன்னாவே இருக்காது.”

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதில்தான் வேடிக்கை. தோட்டம் இயற்கையாகவே தென்மேற்கே வாழை மரத்துப் பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர் அங்கே போனால் வாழைக்கும் நல்லது. ஆனால் வாஸ்துப்படி தண்ணீர் வடகிழக்கில் ஈசான்ய மூலைக்குத்தான் போகவேண்டும் என்று கோமளம் சொல்லிவிட்டாள். வாத்துக் கழிவுக்குக்கூட ஈசான்யம். இரண்டு லோடு மண் அடித்து தென்மேற்கை உயர்த்தினார்கள். ஈசான்ய மூலையில்தான் நிழல் இருந்தது, ஆகவே குஞ்சுகள் படுக்கும் மரப்பெட்டியையும் அங்கேயே வைத்தார்கள். மூன்று ஜீவன்களின் மலமும் மூத்திரமும் அவை படுக்கும் இடத்துக்கு அடியில் போய்ச் சேருகிற மாதிரி, சாஸ்திரம் பார்த்துக் கட்டிய கூண்டு அது.

பத்து நாளில் அது பல்லைக் காட்டியது. மேலே பச்சைப் பசேலென்று புல், காலை வைத்தால் சளக்கென்று அமுங்கி, விரலிடுக்கில் கறுப்பாக ஏதோ பிதுங்கியது. காற்றடைத்த குழந்தைத் தொட்டி ஒன்றைக் குளமாக வைத்திருந்தார்கள். டேங்கர் தண்ணீர் வீணாகக் கூடாதென்று வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றவேண்டுமாம். மூன்றாம் நாளே அது பட்டாணி சூப் நிறத்துக்கு வந்து, மேலே இறகும் சோற்றுப் பருக்கையும் மிதக்கும். அதையேதான் குஞ்சுகள் குடித்தன. அதிலேயே மூக்கை அலசின. மரப்பெட்டிக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்தது. ஆராவமுதன் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, சுத்தமாகத் தெரிகிற ஒரே மூலையைப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

கழுவுவது சங்கமித்ராவின் வேலை. கழுவிவிட்டு அவள் குழாயடியில் கை அலம்பும்போது கோமளம் வாசற்படியில் நின்று, “குழாயத் தொடாதே, நானே திருகறேன்,” என்று ஒரு காகிதத்தால் பிடித்துத் திருகுவாள். சங்கமித்ரா உட்கார்ந்து டீ குடிக்க வாஷிங்மெஷினுக்குப் பின்னால் தனி டம்ளர். சாப்பாட்டுப் பையில் முட்டை இருக்கிறதா என்று தினம் ஒரு முகர்தல். தன் வீட்டுக் கொல்லையில் புழு நெளிவது தெரியாத மூக்குக்கு அடுத்தவள் பையில் முட்டை மட்டும் நன்றாகத் தெரிந்தது. சங்கமித்ராவுக்கு இந்த வீட்டைப் பார்த்து வந்த அருவருப்பு, வாத்துப் பீயைப் பார்த்து ஒருநாளும் வந்ததில்லை.

அதையும் அவள் சகித்துக்கொண்டிருப்பாள். சகிக்க முடியாதது தீனி.

பண்ணைக்காரர்கள் குஞ்சுகளோடு ஒரு மூட்டைத் தீவனமும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கோமளம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மூட்டையில் எழுதியிருந்ததைப் படித்தாள். மீன்தூள் என்று ஒரு வரி. மூட்டை வந்த வழியே திரும்பிப் போனது, அது வைத்திருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டது. அன்றிலிருந்து காலை தயிர்சாதம், மதியம் கீரை, சனிக்கிழமையானால் கோயில் புளியோதரை.

“எங்காத்துல இருக்கற ஜீவன் எங்களை மாதிரிதான் சாப்பிடணும்,” என்றாள் கோமளம்.

நத்தை தின்ன வாங்கிய ஜீவன் இது என்று சங்கமித்ராவுக்கு நாக்கு நுனி வரை வந்தது.

வெறும் சோறு தின்னும் வாத்துக்குஞ்சுக்குக் கால் வளையும். பண்ணையில் ஒருமுறை தீவனம் வராமல் குருணையாகவே போட்டு, நூறு குஞ்சுக்குமேல் முடங்கிப்போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். முதலில் அடிக்கடி உட்காரும். அப்புறம் எழுந்தால் கால் வெளிப்பக்கம் வில்லாக வளையும். அப்போதே கவனித்தால் நிமிர்ந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் விட்டால் எலும்பு அப்படியே இறுகிவிடும். அப்புறம் மார்பைத் தரையில் தேய்த்து நகர்ந்து, புண்ணாகி, ஈ மொய்த்துச் சாகும்.

மூன்றில் சின்னக் குஞ்சு உட்கார ஆரம்பித்தது. தூக்கி நிறுத்தினால் கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின.

“சார், இது நிக்கல பாருங்க. கால் வளைஞ்சிடுச்சி. தீவனம் வோணும் சார், ஸ்வல்பமாச்சும்.”

ஆராவமுதன் குனிந்து பார்த்தார். “யோகா பண்றது,” என்று சொல்லித் தானே சிரித்தார்.

“பெருமாள் தீர்த்தம் ரெண்டு சொட்டு விட்டிருக்கேன், சரியாயிடும்,” என்றாள் கோமளம்.

சிரிப்பும் தீர்த்தமும் போதாதென்று மறுநாள் இரண்டாவது குஞ்சும் உட்கார்ந்தது.

சங்கமித்ரா அன்று சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலிக் கருவாடு வாங்கினாள். வெறும் சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, சலித்து, பழைய பவுடர் டப்பாவில் அடைத்து, டப்பாவை இரண்டு கவருக்குள் கட்டி, புடவை மாற்றும் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிடிபட்டால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு வாரம் போனால் அந்தக் கால் நிற்காது என்பதும் தெரியும். காலையில் கோமளம் பிசைந்து கொடுத்த தயிர்சாதத்தில் இரண்டு ஸ்பூன் தூவி, கட்டை விரலால் கலந்து வைத்தாள். மூன்றும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும் வேகத்தில் தின்றன.

நாலாம் நாள் கோமளம் பின்கதவில் நின்று மூக்கைச் சுளித்தாள். “என்னடி இது, புதுசா ஒரு நாத்தம்?”

“வாத்து மேடம்.”

“வாத்துன்னா இப்படியா நாறும்?”

“வளருது இல்ல மேடம். வளர வளர நாறும்.”

கோமளம் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். இப்படிப்பட்டவர்களிடம் ஒரு சௌகரியம் உண்டு. அருவருப்பு அதிகமானால் கிட்டே வரமாட்டார்கள்.

கூண்டைத் திருத்தவும் நாற்றம்தான் வழி திறந்தது. ஆடி மாதம் வீட்டில் ஒரு உபன்யாசம் வைத்தார்கள். முப்பது பேர் ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, காற்று திரும்பி ஈசான்ய மூலையிலிருந்து உள்ளே வீசியது. பக்திப் பரவசத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். சர்க்கரைப்பொங்கல் பாதிக்குமேல் மிஞ்சியது. மறுநாள் ஆராவமுதன், “நீ என்ன வேணா பண்ணிக்கோ சங்கரி, நாத்தம் மட்டும் வரப்படாது,” என்றார்.

அவள் இரண்டு நாளில் பண்ணினாள். முதலில் அந்தப் புல்லை உரித்தாள். அடியில் நாலு விரல் கனத்துக்குக் கறுப்பு. அது புல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உரிக்க உரிக்க உள்ளே சோறு, இறகு, புழு, செத்த எலிக்குட்டி ஒன்று. கண்ணில் நீர் வந்தது. வாயால் மூச்சு விட்டால் நாக்கிலும் அந்த ருசி ஒட்டியது. பதினான்கு வீடியோ பார்த்தவர் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலே பார்த்தபோது திரையை இழுத்துக்கொண்டார்.

கொட்டிய மண்ணை வெட்டி, சரிவை மறுபடி வாழைப் பக்கம் திருப்பினாள். குடியிருப்பில் எங்கோ கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லியைப் பரப்பி, மேலே அரை அடி மணல். சின்னக் கட்டம் போட்ட வலையைக் கேட்டு வாங்கி, சுற்றி வாய்க்கால் வெட்டி ஒரு அடி புதைத்து, மேலே பருந்து இறங்காமல் அதே வலை. படுக்கும் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, காய்ந்த மரத்தூள் போட்டு, காற்றுப் போகச் சுவர் உச்சியில் துளை. கதவுக்கு இரண்டு கொக்கி. குழந்தைத் தொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, அடியில் அடைப்பான் உள்ள பழைய தொட்டி ஒன்றைப் பதித்தாள். காலையில் அடைப்பானைப் பிடுங்கினால் அழுக்குத் தண்ணீர் அப்படியே வாழைக்குப் போகும். வாத்து தலை முங்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் ஆழம் அதில் இருந்தது. ஈசான்ய மூலையில் ஒன்றும் இல்லை. கோமளத்துக்கு அது தெரியக்கூட இல்லை, ஏனென்றால் அவள் வந்து பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் நாற்றம் நின்றது. மூன்றாவது வாரம் சின்னக் குஞ்சு எழுந்து, விழுந்து, எழுந்து, தொட்டிவரை நடந்தது. கால் நேராக இருந்தது. சங்கமித்ரா அதைக் கையில் எடுத்து முழங்காலைத் தடவிப் பார்த்தாள். அழுகை வந்தது, அழுதாள். அது அவள் கைமேலேயே பச்சையாகக் கழிந்தது.

அன்று மாலையே ஆராவமுதன் வீடியோ எடுத்தார். மணல்மேல் மூன்று வாத்தும் வரிசையாக நடந்தன. “சுத்த சைவ வாத்துகள்,” என்று பின்னாலிருந்து அவர் குரல். “மீன்தூள் இல்லாம வளராதுன்னு பண்ணைக்காரன் சொன்னான். தயிர்சாதம், கீரை, பெருமாள் பிரசாதம். காலைப் பாருங்கோ, எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கு. கூண்டு டிசைன் அடியேனோடது.” கிண்ணம் வைத்த அவள் கை மணிக்கட்டுவரை படத்தில் இருந்தது. அதற்கு மேல் வெட்டியாகிவிட்டது. கோயில் குழுவில் இருநூறு பேர் கைகூப்பினார்களாம். இதையெல்லாம் கோமளமே பெருமையோடு அவளிடம் காட்டினாள். சங்கமித்ரா போனைத் திருப்பிக் கொடுத்தாள். எப்படியோ கால் நின்றுவிட்டது. மற்றது எப்படிப் போனால் என்ன என்று சும்மா இருந்துவிட்டாள்.

குஞ்சுகள் வெள்ளை இறகு கட்டிப் பெரிய வாத்தானபிறகு, குடியிருப்புப் பெண்கள் ஆறு பேர் சைவ வாத்துகளைத் தரிசிக்க வந்தார்கள். கூண்டைத் திறந்து தோட்டத்தில் விடச் சொன்னாள் கோமளம். வெளியே வந்த சின்னது நேராகச் செம்பருத்தி அடிக்குப் போய், ஒரு குட்டி நத்தையைக் கவ்வி, தலையை இரண்டு உதறு உதறி, ஓட்டோடு விழுங்கியது. மிச்சக் கோழை அலகில் தொங்கியது. அதோடு கோமளத்தின் புடவைக் கொசுவத்தில் வந்து அலகைத் துடைத்தது. கோமளம் அங்கேயே, ஆறு பேருக்கும் நடுவே, வாந்தி எடுத்தாள்.

“மாமிசம் சாப்பிடறது,” என்றாள், வாயைத் துடைத்தபடி.

“நத்தைக்குத்தானே மேடம் வாங்கினீங்க.”

“எங்கேயாவது மறைவா சாப்பிடும்னு நெனச்சோம்.”

வாந்தியைச் சங்கமித்ரா வழித்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மூன்று வாத்தும் அட்டைப்பெட்டியில் கட்டித் தயாராக இருந்தன. பெட்டியைக் கட்டியது கார் டிரைவராக இருக்கவேண்டும், அவர்கள் தொட்டிருக்கமாட்டார்கள்.

“எடுத்துண்டு போயிடு சங்கரி,” என்றாள் கோமளம், நல்ல மனசோடுதான். “நீங்கள்ளாம் சாப்பிடுவேளே. வீணாப் போகவேண்டாம். எப்ப, என்ன பண்ணினேன்னு எங்கிட்டச் சொல்லாதே, அவ்வளவுதான்.”

இரவும் பகலும் சங்கமித்ராவின் வீட்டு உரல் கருவாடு நாறியதெல்லாம் இதற்காகத்தானா என்று இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் மௌரீன் அம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் வீட்டுக் காய்கறிப் பாத்தியிலும் நத்தை, பின்னால் காலியாகக் கிடக்கும் கோழிக்கூண்டு. “மூணுதானே, கொண்டு வா சங்கமித்ரா,” என்றார் அவர். முழுப் பெயரையும் சொன்னார்.

கேட்டில் வேலைக்காரர்கள் வரிசை. உள்ளேயிருந்து ஒரு பழைய துணி எடுத்துப் போனாலும் வீட்டுக்காரர் போனில் பாஸ் போடவேண்டும். காவல்காரன் ஷங்கர் தன் போனில் அதைப் பார்த்துத்தான் விடுவான். பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு அலகு வெளியே நீண்டது.

“அக்கா, பாஸ்ல வேற என்னமோ போட்டிருக்காங்களே.”

“இன்னா போட்டிருக்கு?”

“லெஃப்ட்ஓவர் ஃபுட், மூணு.”

பின்னால் நின்ற லாவண்யா, அடுத்த வீட்டுச் சமையல்காரி, களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டாள். சங்கமித்ரா பெட்டியைக் கீழே வைத்தாள்.

“மிச்ச சோறு இல்ல ஷங்கர். நான் போவமாட்டேன். சார்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லு.”

“சும்னே எதுக்கு அக்கா வம்பு? நான் உட்டுடறேன், போ.”

“போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.”

போட்டான். “என்ன சங்கரி, அதுல வாத்துன்னு ஆப்ஷன் கெடயாது,” என்றது ஆராவமுதன் குரல். “ஏதோ ஒண்ணுதானே, எடுத்துண்டு போயேன்.”

“சார், எம் பேரு சங்கமித்ரா. அது திங்கறதுக்கு இல்ல, வளக்கறதுக்கு எடுத்துக்கினு போறேன். அதுங்க காலு உங்க தயிர்சாதத்துல நிக்கல. நெத்திலிக் கருவாடு சார். வறுத்து இடிச்சி எடுத்தாந்து, வாரக்கணக்கா தெனமும் உங்க வூட்டுக் கிண்ணத்துல, மேடம் பிசைஞ்ச சோத்துலதான் கலந்தேன். கோயில் குரூப்புல காட்டினீங்களே, அது கருவாட்டுக் காலு. இப்ப பாஸ மாத்துங்க.”

போனில் தூரத்தில் கோமளத்தின் குரல், “எந்தக் கிண்ணம், எந்தக் கிண்ணம்னு கேளுங்கோ,” என்றது. அப்புறம் எதுவோ கீழே விழுந்து உருண்டது. இணைப்பு அறுந்தது.

இரண்டு நிமிஷம் கழித்து ஷங்கரின் போன் இரண்டு முறை சத்தம் போட்டது. அவன் முதலாவதைப் படித்தான்.

“மாத்திட்டாங்க அக்கா. அதர்ஸ், வாத்து, மூணு.” இரண்டாவதைப் படித்துவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். “அக்கா, நாளைலேருந்து நீ உள்ள வர்ற பாஸு…”

“தெரியும்,” என்றாள். வாஷிங்மெஷினுக்குப் பின்னால் இருக்கும் அந்த டம்ளரை இனி எவளோ ஒருத்தி எடுத்துக் குடிப்பாள் என்று நினைத்தபோது மறுபடி ஒருமுறை குமட்டியது.

அவள் குனிந்து பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள்.

“இன்னா பண்ற அக்கா, பின்னாடி கேப் வண்டி நிக்குது.”

“வாத்துன்னுதானே போட்டிருக்கு. நடந்தே போவட்டும்.”

பையிலிருந்து கருவாட்டுத்தூள் இருந்த பவுடர் டப்பாவை எடுத்துத் தட்டினாள். மூன்றும் பெட்டியைவிட்டு இறங்கி, கழுத்தை நீட்டி, சத்தம் வந்த பக்கம் திரும்பின. ஷங்கர் கேட்டின் தடுப்புக் கட்டையைத் தூக்கினான். அவள் முன்னால் நடந்தாள். சின்னதுதான் முதலில் வந்தது.